நீர்மூழ்கியில் மூன்று பேர்

அந்தத் தாளை எழுதியது நான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சொல்ல வேண்டிய நாளில், சொல்ல வேண்டிய ஆளிடம் நான் இதைச் சொல்லவில்லை.

என் பெயர் வினாயகமூர்த்தி. மட்டக்களப்பு நகரின் புளியந்தீவில் ஓர் அரசாங்கக் கந்தோரில் காணிப் படம் வரைவது என் வேலை. இரண்டாயிரத்து ஆறாம் ஆண்டில் எனக்கு நாற்பத்தொரு வயது. கல்யாணம் ஆகவில்லை. சண்டையால்தான் ஆகவில்லை என்று கேட்பவர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தேன், அது எனக்கு வசதியாக இருந்தது. கல்லடியில் தனியாக இருந்தேன். நாலு மணிக்குக் கந்தோர் விட்டதும் சைக்கிளைக் காத்தான்குடிப் பக்கம் திருப்புவேன். சோதனைக் கெடுபிடியால் ஆறு மணிக்கு முன்னர் வீட்டுக்குள் வந்துவிட வேண்டும். இடையில் இருந்த இரண்டு மணித்தியாலம் மட்டும்தான் நான் உயிரோடு இருந்த நேரம் என்று சொன்னால் சிரிக்காதீர்கள்.

அந்த இரண்டு மணித்தியாலமும் அங்கே என் நண்பன் முனாப்பின் கடையில் கழிந்தது. கடை என்றால் பெரிதாக ஒன்றும் இல்லை. அவனுடைய மனைவி ஸகியாவுக்குச் சீதனமாக வந்த வீட்டின் முன் விறாந்தையை அடைத்து மூன்று கணினி வைத்திருந்தான். பகலில் கட்டாருக்கும் சவூதிக்கும் போகிறவர்களின் விண்ணப்பங்களைத் தட்டிக் கொடுப்பான். மாலையில் கடையைப் பாதி சாத்திவிட்டு ஒரு நீர்மூழ்கிக் கப்பலுக்குள் இறங்கிவிடுவான். கொழும்பிலிருந்து யாரோ கொண்டுவந்து கொடுத்த சீடியில் அந்த விளையாட்டு இருந்தது. இரண்டாம் உலகப் போர், அத்திலாந்திக் கடல். நாம் நீருக்கடியில். மேலே கப்பல்கள்.

சுட்டுத் தள்ளுகிற விளையாட்டு என்று நினைத்துத்தான் நானும் முதல் நாள் உட்கார்ந்தேன். ஒரு மணித்தியாலம் போயும் திரையில் கறுப்புத் தண்ணீரைத் தவிர ஒன்றும் வரவில்லை. "எப்ப தொடங்கும்?" என்று கேட்டேன். "தொடங்கி ஒரு மணித்தியாலம் ஆகிட்டு அண்ணன்" என்றான் முனாப்.

அவன் பிடிவாதக்காரன். விளையாட்டில் ஆளுக்கு உதவுகிற வசதிகள் எத்தனையோ இருந்தன. எதிரிக் கப்பல் எங்கே நிற்கிறது என்று வரைபடத்தில் காட்டும், எவ்வளவு வேகம் என்று சொல்லும், குண்டை எந்தக் கோணத்தில் விட வேண்டும் என்று கணக்குப் போட்டும் தரும். எல்லாவற்றையும் அவன் நிறுத்தி வைத்திருந்தான். செத்தால் செத்ததுதான், மறுபடி பழைய இடத்திலிருந்து தொடங்கவும் முடியாது. "உண்மையில எப்பிடியோ அப்பிடித்தான் இருக்கோணும். இல்லாட்டி என்னத்துக்கு?" என்பான். அதனால் ஒரு கப்பலைப் பிடிக்க வேண்டுமென்றால் சத்தத்தைக் கேட்டுத் திசையைக் கண்டு, நேரத்தைக் குறித்து, தாளில் கோடு போட்டு, பாகைமானி வைத்து நாங்களேதான் கண்டுபிடிக்க வேண்டும். அந்தக் கோடு போடுகிற வேலை என்னிடம் வந்தது. இருபது வருடம் அடுத்தவன் காணிக்கு எல்லை போட்டவன் நான். கடலில் கோடு போடுவது அதைவிடச் சுகமாக இருந்தது. அங்கே யாரும் வேலியை அரக்கி நட்டுவிட்டு வழக்குப் போடுவதில்லை.

ஒரு விஷயத்தை மட்டும் நாங்கள் உண்மைக்கு விட்டுக்கொடுத்தோம். சத்தத்தை வெளியே விடுவதில்லை. குண்டு வெடிக்கிற சத்தம் வீதியில் கேட்டால் என்ன நடக்கும் என்று அந்த வருடத்தில் மட்டக்களப்பில் இருந்த யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை. ஒரே ஒரு ஹெட்போன். அதை மாட்டியவனுக்கு மட்டும் கடல் கேட்கும். மற்றவன் அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டு இருக்க வேண்டும். முனாப்பின் காது அதற்குச் சரிவரவில்லை, என் காதும் சரிவரவில்லை. இருபது தடவைக்கு மேல் மூழ்கிச் செத்தோம்.

அப்போதுதான் அருமைநாயகம் அண்ணன் வந்தார். ஆரையம்பதிக்காரர், வாவியில் தோணி தள்ளுகிறவர், வயது ஐம்பதைத் தாண்டியவர். வாவியில் இறங்குவதற்கு இராணுவம் நேரம் குறித்துக் கட்டுப்பாடு போட்டிருந்தது. காலையில் கொஞ்ச நேரம்தான் தொழில், மிச்ச நேரம் கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டும். ஸகியாவுக்கு இறால் கொடுக்க வந்தவர் எங்கள் பின்னால் நின்று பார்த்தார். பார்க்க ஒன்றும் இல்லை. "என்ன கா, இருட்டப் பாத்துக்கு இருக்கியள்?" என்றார், எங்கள் ஊரில் பேச்சுக்குப் பேச்சு வருகிற 'கா'வோடு. முனாப் சிரித்துக்கொண்டே ஹெட்போனைக் கழற்றி அவருக்கு மாட்டிவிட்டான்.

அவர் கண்ணை மூடினார்.

"ரெண்டு வருது தம்பி" என்றார் பிறகு. "ஒண்டு பாரம் ஏத்தினது, ஆறுதலா வருது. மற்றது சும்மா அங்கயும் இஞ்சயும் ஓடித் திரியுது. கச்சான் பக்கம்."

மேற்கு. கோட்டைப் போட்டுப் பார்த்தேன். இருபத்தைந்து நிமிடம் கழித்து அவர் சொன்ன இடத்தில் அவர் சொன்ன இரண்டு கப்பல்களும் நின்றன. முனாப் எழுந்து அவரைக் கட்டிப்பிடித்தான். இரவில் துடுப்பை நீருக்குள் நட்டு மறுமுனையில் காதை வைத்து மீன் எந்தப் பக்கம் என்று பார்க்கிற மனிதருக்கு இது ஒரு பெரிய வேலையே இல்லை என்று பிறகு தெரிந்துகொண்டோம். அன்றிலிருந்து காது அவருடையது, பெருவிரல் அளவுப் பென்சில் என்னுடையது, கை முனாப்புடையது. மூன்று பேர் சேர்ந்து ஓர் ஆள்.

அவருக்கு எழுத்து வாசிப்பு கிடையாது. பாகைக் கணக்கும் தெரியாது. வடக்கு வாடை, கிழக்கு கொண்டல், தெற்கு சோழகம், மேற்கு கச்சான். காற்றின் பெயரில்தான் திசை சொல்வார். இங்கிலாந்து, அயர்லாந்து என்று நான் சொன்னால் அவருக்கு அலுப்பாக இருக்கும். "எங்கட ஊர்ப் பேராச் சொல்லு தம்பி, மனசில நிக்கட்டும்" என்றார். அதனால் நான் கடலுக்கு ஊர்ப்பெயர் வைத்தேன். கப்பல் கூட்டம் புறப்படுகிற ஆங்கிலேயத் துறைமுகம் முகத்துவாரம். நாங்கள் ஒளிந்திருக்கிற இடம் களுதாவளை. எங்கள் துறை ஆரையம்பதி. ஒவ்வொரு நாள் ஓட்டத்தையும் அந்தப் பெயர்களில் தாளில் எழுதினேன். எங்கள் மூன்று பேருக்கும் அது மிகவும் பிடித்திருந்தது. அப்போது அது எவ்வளவு பெரிய முட்டாள்தனம் என்று என் புத்திக்கு எட்டவில்லை. படித்தவன் என்று ஊரில் பெயர்.

யூன் ஐந்தாம் தேதி, திங்கட்கிழமை, முதல்தடவையாக ஒரு கப்பலைத் தாழ்த்தினோம். எண்ணெய்க் கப்பல். காவல் கப்பல் எங்கள் தலைக்கு மேல் நாற்பது நிமிடம் சுற்றியது. இயந்திரத்தை நிறுத்தி, மூச்சையும் பிடித்துக்கொண்டு கிடந்தோம். அருமைநாயகம் அண்ணன் கையை உயர்த்தியபடி இருந்தார், வருகிறது என்று அர்த்தம். மெல்ல மெல்லக் கையைக் கீழே இறக்கினார். "போறான்" என்றார். பிறகு, "போயிட்டான் கா." அவருடைய கண்ணில் தண்ணீர் நின்றது. எனக்கும்தான். வெட்கமில்லாமல் சொல்கிறேன், அந்த மாலையில் நான் பட்ட சந்தோசத்தை அதற்கு முன்னும் பட்டதில்லை, பின்னும் படவில்லை.

"அந்தத் தாள எனக்குத் தா தம்பி. இராசாத்திக்குக் காட்டோணும்" என்றார் அவர். மடித்து அவருடைய சட்டைப் பையில் நானே வைத்துவிட்டேன்.

தாளில் இருந்தது இது: "யூன் 5. மாலை 4.20. முகத்துவாரத்தில் இருந்து நான்கு கப்பல், சோழகம் பக்கம் போகின்றன. காவல் ஒன்று. களுதாவளைக்கு நேரே காத்திருந்தோம். 5.05க்கு அடித்தோம். எண்ணெய்க் கப்பல் தாழ்ந்தது. காவல் தேடியது. அகப்படவில்லை." கீழே கோடுகளும் அம்புக்குறிகளும்.

ஆரையம்பதிக்குப் போகிற வழியில் இராணுவச் சோதனைச் சாவடியில் அவருடைய பையைத் தட்டிப் பார்த்தார்கள்.

மறுநாள் காலை பத்து மணிக்கு இராசாத்தி அக்கா, அவருடைய மனைவி, கந்தோருக்கு வந்தார். நான் மாடியில் இருந்து பார்த்தேன். செருப்பில்லாமல் வந்திருந்தார். முனாப் முதல்நாள் இரவே தொலைபேசியில் எனக்கு விஷயத்தைச் சொல்லியிருந்தான். தாள் பிடிபட்டிருக்கிறது, கடற்படைக் கப்பலுக்கு அடித்த குறிப்பு என்று ஆளை முகாமுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். நான் பியோனைக் கூப்பிட்டு, யார் கேட்டாலும் நான் அம்பாறைக்கு வேலையாகப் போய்விட்டேன் என்று சொல்லச் சொன்னேன். சொல்லும்போது என் குரல் நடுங்கவே இல்லை. அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

அவர் என்னைத் தேடி வந்தது வேறு எதற்கும் இல்லை. எனக்குச் சிங்களம் தெரியும், அரசாங்க உத்தியோகம், வந்து ஒரு வார்த்தை சொன்னால் கேட்பார்கள் என்று நம்பினார். தாளை எழுதியது நான் என்று அவருக்குத் தெரியாது.

புதன்கிழமை மறுபடி வந்தார். வாசல் வாங்கில் இரண்டு மணித்தியாலம் இருந்தார். நான் பின் கேற்றால் வெளியே போனேன். வீட்டில் கதவைப் பூட்டி, வானொலியையும் நிறுத்திவிட்டு, கட்டிலில் சத்தம் போடாமல் கிடந்தேன். தேடுகிறவன் தலைக்கு மேல் சுற்றும்போது அசையாமல் கிட. அந்த விளையாட்டு எனக்குச் சொல்லித் தந்தது அதைத்தான். விளையாட்டில் அதற்குத் திறமை என்று பெயர்.

அன்று மாலை முனாப் கதவைத் தட்டினான். நான் திறக்கவில்லை. ஜன்னல் பக்கம் வந்து நின்று பேசினான்.

"உள்ள இருக்கிறது தெரியும் அண்ணன். சைக்கிள் நிக்குது."

திறந்தேன்.

"நான் நேத்தும் போனன், இண்டைக்கும் போனன். கேற்றடியிலயே தள்ளி விடுறாங்க. விளையாட்டு எண்டு சொன்னா சிரிக்கிறாங்க. எழுத்து உங்கட. நீங்க வந்து எழுதிக் காட்டினாத்தான் நம்புவாங்க."

"நம்பாட்டி?" என்றேன். "நம்பாட்டி என்னையும் உள்ளுக்குப் போடுவான் முனாப். ஒருத்தர் உள்ள இருக்கிறது ரெண்டு பேர் ஆகும். அவ்வளவுதான்."

அவன் என்னைப் பார்த்த பார்வையை நான் இங்கே எழுதப் போவதில்லை. "அந்த மனிசன் எங்களுக்காக ஒண்டரை மாசம் கண்ண மூடிக்கு இருந்தவர்" என்றான். "நாளைக்கு எட்டு மணிக்கு ஓட்டோவில வாறன். கணினியையும் கொண்டு வாறன். நீங்க வராட்டி உங்கட பேரச் சொல்லிப்போட்டுத்தான் வருவன். அல்லாஹ் மேல ஆணை."

ஆக, நான் போனது நல்ல மனதால் அல்ல. வேறு வழி இல்லாததால் போனேன்.

வியாழக்கிழமை காலை ஓட்டோவில் முனாப்பின் மடியில் கணினிப் பெட்டி, என் மடியில் திரை. ஸகியா அதைப் படுக்கை விரிப்பால் சுற்றிக் கொடுத்திருந்தாள். முகாம் வாசலுக்கு எதிரே, வீதிக்கு மறுபக்கம், இராசாத்தி அக்கா நிலத்தில் இருந்தார். மூன்று நாளாக, என்னைத் தேடி வந்த நேரம் போக, விடிந்ததும் வந்து விரட்டும்வரை அங்கேயே இருந்திருக்கிறார். என்னைக் கண்டதும் எழுந்து ஓடிவந்தார்.

"அம்பாறைக்குப் போனியளாம் தம்பி?"

"ஓம் அக்கா. ராத்திரித்தான் வந்தன்."

"வந்திட்டியளே. அது காணும்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். கையை உருவிக்கொள்ள நான் பட்ட பாடு.

கணினியைக் கண்டதால் துவக்கோடு காவலில் நின்றவனுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. என் சிங்களமும் உதவியது. முக்கால் மணித்தியாலத்துக்குப் பிறகு எங்கள் இருவரையும் மட்டும் உள்ளே விட்டார்கள். தகரக் கூரை போட்ட ஓர் அறை. அதிகாரிக்கு என் வயதுதான் இருக்கும். தமிழ் நன்றாகப் பேசினார், அது என் பயத்தைக் கூட்டியது. மேசையில் கண்ணாடித் தகட்டுக்குக் கீழே என் தாள் இருந்தது.

"யார் எழுதினது?"

"நான் சேர்."

வெள்ளைத் தாள் ஒன்றைத் தள்ளினார். நான் அதே வரிகளை எழுதினேன். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தார். அந்தப் பார்வை அப்போது எனக்கு விளங்கவில்லை.

முனாப் கணினியைப் பொருத்தினான். முகாமின் ஜெனரேற்றரில் இருந்து மின்சாரம். விளையாட்டைத் திறந்து வரைபடத்தைக் காட்டி, இதுதான் நாங்கள் முகத்துவாரம் என்று சொல்கிற இடம், இதுதான் களுதாவளை என்று ஒவ்வொன்றாக விளங்கப்படுத்தினேன்.

"சரி. விளையாட்டு" என்றார் அதிகாரி. "ஆனா ஒண்டு சொல்லுங்க. ரெண்டு மணித்தியாலம் இருக்கிறது. ஒண்டும் தெரியிறதில்ல. கையால கணக்குப் போடுறது. கடைசியில சாகிறது. இத யார் ஆசைக்கு விளையாடுறது? இது பயிற்சி."

"சும்மா பொழுதுபோக்கு சேர்" என்றான் முனாப்.

"பொழுதுபோக்குக்கு நான் கிரிக்கெட் விளையாடுறன். உங்களுக்கு ஏன் இது பிடிக்கிறது? அத எனக்குச் சொல்லுங்க."

அவர் விளையாட்டுக்குக் கேட்கவில்லை. பதில் சரியில்லை என்றால் அருமைநாயகம் அண்ணன் வெளியே வரப் போவதில்லை, நாங்களும் வரப் போவதில்லை. வழியெல்லாம் நான் தயாரித்துக்கொண்டு வந்த பொய் ஒன்று இருந்தது. கணிதத்துக்கு நல்லது, மூளைக்கு நல்லது என்று. அதைச் சொல்ல வாயைத் திறந்தேன். சொன்னால் நம்பமாட்டார் என்று அந்த நேரத்தில் தெரிந்துபோனது.

"அதுக்குள்ள பயத்துக்கு ஒரு நியாயம் இருக்கு சேர்" என்றேன். "சத்தம் போட்டா அடிப்பான். போடாட்டிப் போயிடுவான். மேல நிண்டு தேடுறவனுக்கு எங்கட பேர் தெரியா, ஊர் தெரியா, நாங்க தமிழனா முஸ்லிமா எண்டு தெரியா. நாங்க பிழை விட்டா மட்டும்தான் எங்களுக்கு அடி விழும். எப்ப பிழை விட்டம், எங்க விட்டம் எண்டு தாளப் பாத்துக் கண்டுபிடிக்கலாம். அடுத்த நாள் அந்தப் பிழைய விடாம இருக்கலாம்."

"வெளியில?"

"வெளியில பிழை விடாட்டியும் விழுது சேர்."

முனாப் என் காலை மேசைக்குக் கீழே மிதித்தான்.

"அந்த மேல தேடுறவன்" என்றார் அதிகாரி மெதுவாக. "அது யாரு?"

"எல்லாரும் சேர். துவக்கு வச்சிருக்கிற எல்லாரும்."

அதிகாரி கதிரையை இழுத்துத் திரைக்கு முன்னால் போட்டார். "ஓட்டுங்க, பாப்பம்" என்றார். ஹெட்போனை எடுத்துத் தானே மாட்டிக்கொண்டார்.

அரை மணித்தியாலம் எதுவும் நடக்கவில்லை. அவர் ஒரு தடவையும் எழும்பவில்லை. பிறகு காவல் கப்பல் ஒன்று எங்களைக் கண்டுபிடித்தது. மேலே இருந்து அது தேடுகிற சத்தம் அவருடைய காதில் விழுந்ததை அவர் முகத்தில் பார்த்தேன். தோளைக் குறுக்கினார். வாசலில் இரண்டு சிப்பாய்கள் ஏதோ சொல்லிச் சிரித்தார்கள். அதிகாரி திரும்பி, விரலை உதட்டில் வைத்து அவர்களை அடக்கினார். என்னைப் பார்த்து, குரலைத் தாழ்த்தி, "போறானா?" என்று கேட்டார்.

"உங்களுக்குத்தான் சேர் கேக்கும்" என்றேன் நானும் அதே குரலில். "எங்களுக்கு அருமைநாயகம் அண்ணன்தான் கேட்டுச் சொல்லுவார். வாறானா போறானா எண்டு அவருக்கு மட்டும்தான் தெரியும்."

"கூட்டிவாங்க" என்றார்.

அவரைக் கூட்டிவந்தார்கள். நடந்துதான் வந்தார். முகத்தில் பெரிய காயம் ஒன்றும் இல்லை, கன்னம் இரண்டும் வீங்கியிருந்தன. எங்களைக் கண்டதும் சிரித்தார். "அண்ணன்" என்றேன். பதில் சொல்லவில்லை, சிரித்தபடியே நின்றார். அதிகாரியின் கதிரையில் அவரை இருத்தி ஹெட்போனை மாட்டினார்கள். "கேட்டுச் சொல்லட்டும்" என்றார் அதிகாரி. "சரியாச் சொன்னா நம்புறன்."

காவல் கப்பல் சுற்றிக்கொண்டு வந்தது. நான் பென்சிலை எடுத்தேன். அருமைநாயகம் அண்ணன் கண்ணை மூடவில்லை. அவர் எப்போதும் கண்ணை மூடித்தான் கேட்பார். அன்றைக்குக் கண்ணை நன்றாகத் திறந்து வைத்து என் முகத்தைப் பார்த்தார், முனாப்பின் முகத்தைப் பார்த்தார், மறுபடி என் முகத்தைப் பார்த்தார். என்ன சொன்னால் எங்களுக்கு நல்லது என்று தேடிக்கொண்டிருந்தார்.

ஹெட்போனுக்கு வெளியே கசிந்து வந்த சத்தம் எனக்கே கேட்டது. அந்தப் பக்கத்தில் நின்ற சிப்பாய்க்கும் கேட்டிருக்கும். கப்பல் நேரே எங்கள் மேல் வந்துகொண்டிருந்தது.

"போறான்" என்றார் அருமைநாயகம் அண்ணன். கையை மெல்லக் கீழே இறக்கிக் காட்டினார். "போயிட்டான் கா."

முனாப் அழுதுவிட்டான். அவனுடைய கை விசைப்பலகையில் அப்படியே நின்றது. திரை ஒரு தடவை ஆடியது, இரண்டாம் தடவை ஆடியது, சிவப்பு விளக்கு எரிந்தது, தண்ணீர் புகுந்தது, கறுத்துப்போனது. முழுச் சத்தத்தில் அத்தனை குண்டும் அவருடைய காதுக்குள் வெடித்திருக்க வேண்டும். அவர் இமை கூட அசைக்கவில்லை. நாங்கள் மெச்சுவோம் என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

அதிகாரி ஹெட்போனின் ஒரு பக்கத்தை இழுத்துத் தன் காதில் வைத்துப் பார்த்தார். திரும்ப வைத்தார். அவருக்கு விளங்கிவிட்டது. கொஞ்ச நேரம் தன் கையையே பார்த்தார்.

"கூட்டிக்கொண்டு போங்க" என்றார். "இந்தக் கணினி இங்க இருக்கட்டும். விசாரணைக்கு."

முனாப் அருமைநாயகம் அண்ணனை அணைத்து எழுப்பி வெளியே கூட்டிப்போனான். நான் பின்னால் போகத் திரும்பினேன். "நீங்க நில்லுங்க" என்றார் அதிகாரி. நின்றேன்.

"திங்கட்கிழமை நான் கேட்டது ஒரே ஒரு கேள்வி" என்றார். "யார் எழுதினது எண்டு. அவர் தான் எழுதினது எண்டு சொன்னார். பேனா கொடுத்தன். பேனைய எப்பிடிப் பிடிக்கிறது எண்டே தெரியாது. செவ்வாய்க்கிழமை கேட்டது, புதன்கிழமை கேட்டது, அதே கேள்விதான். அதே பதில்தான். உங்கட பேர் சொல்லியிருந்தா அண்டைக்கே வீட்டுக்குப் போயிருப்பார்." தாளை எடுத்து மேசை லாச்சிக்குள் போட்டார். "நீங்க எங்க இருந்தது மூணு நாளும்?"

அவர் பதிலை எதிர்பார்க்கவில்லை. ஹெட்போனை மாட்டிக்கொண்டு கதிரையைத் திரைப் பக்கம் இழுத்துவிட்டார்.

ஓட்டோவில் முனாப் முன்னால், சாரதிக்குப் பக்கத்தில் ஒட்டிக்கொண்டு இருந்தான். பின்னால் நாங்கள் மூன்று பேர். நடுவில் அருமைநாயகம் அண்ணன், அந்தப் பக்கம் இராசாத்தி அக்கா. அவர் கணவருடைய கையை இரண்டு கையாலும் பிடித்தபடி, "தெய்வம் மாதிரி வந்தியள் தம்பி, தெய்வம் மாதிரி வந்தியள்" என்று எனக்குச் சொல்லிக்கொண்டே வந்தார். என்னால் அதைத் தாங்க முடியவில்லை. கல்லடிப் பாலம் தாண்டியது. என் வீட்டுப் பக்கம் தாண்டியது. இறங்கிவிடலாமா என்று நினைத்தேன். அந்த நினைப்புத்தான் என்னைப் பேசத் தள்ளியது.

"அண்ணன், அந்தத் தாள எழுதினது நான் எண்டு ஏன் சொல்லல்ல?" என்றேன்.

அவர் சிரித்தார். அவருக்குக் கேட்கவில்லை.

இன்னும் கிட்டப் போனேன். "நான் அம்பாறைக்குப் போகல்ல அண்ணன். வீட்டிலதான் இருந்தன்."

தலையை ஆட்டினார், எதற்கும் ஆட்டுகிற மாதிரி. எனக்கு ஆத்திரம் வந்தது. யார் மேல் என்று தெரியாத ஆத்திரம். அவருடைய காதுக்குள் வாயை வைத்துக் கத்தினேன். ஓட்டோ இரைச்சலையும் மீறிக் கத்தினேன். வீதியில் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"எனக்குத் திங்கட்கிழமையே தெரியும்! அக்கா கந்தோருக்கு வரக்குள்ள நான் மேல இருந்து பாத்துக்குத்தான் இருந்தன்! ஒளிச்சிருந்தன் அண்ணன்! உங்களுக்கு அடிக்கக்குள்ள நான் கட்டிலில படுத்திருந்தன்! உங்கட காத நான்தான் திண்டன்!"

அவர் என் முதுகில் தட்டிக் கொடுத்தார். நான் அழுவதைப் பார்த்து, தனக்காக அழுகிறேன் என்று நினைத்துவிட்டார். "ஒண்டும் இல்ல தம்பி, நான் வந்திட்டன்தானே" என்றார், தேவைக்கு மேல் உரத்த குரலில்.

"அவருக்குக் கேக்கா தம்பி" என்றார் இராசாத்தி அக்கா. "எனக்குக் கேட்டிட்டு."

அவருடைய குரலில் கோபம்கூட இல்லை. சாரதியின் தோளைத் தொட்டு ஓட்டோவை நிறுத்தச் சொன்னார். ஆரையம்பதிக்கு இன்னும் இரண்டு மைல் கட்டைக்கு மேல் இருந்தது. "இருங்க அக்கா, வீட்டடியில விடுறம்" என்றான் முனாப். அக்கா முதலில் இறங்கினார். கணவரைக் கையைப் பிடித்து இறக்கினார், சறத்தை ஒழுங்காகக் கட்டிவிட்டார், வீதியோரம் வெயிலில் நடத்திக் கூட்டிக்கொண்டு போனார்.

ஏன் இறங்கினோம் என்று அருமைநாயகம் அண்ணனுக்குத் தெரியவில்லை. பத்தடி போய்த் திரும்பிப் பார்த்து, போய்வருகிறேன் என்று எனக்குக் கையைக் காட்டினார்.